இராசராசேச்சுரத்துப் பணிமக்கள்

திருக்குடமுழுக்கு நன்னாளில் விமானக் கலசத்தின்மீது புனித நீர் சொரியும் அக்கணத்தில் பல்லாயிரம் கண்கள் மேல்நோக்குகின்றன. பல்லாயிரம் கைகள் தலைமேற் குவிகின்றன. அந்நாள் கழிகின்றது. யாகசாலைப் பந்தல் பிரிக்கப்படுகின்றது. வெளியூரினின்று வந்த சுற்றத்தார் தத்தம் ஊர் திரும்புகின்றனர். மறுநாள் விடியற்காலையில் திருமஞ்சன நீர் கொணர வேண்டியவர் யார்? சந்நிதி விளக்கிற்கு நெய் வார்ப்பவர் யார்? அவர் நோய்வாய்ப்பட்டால் அவரிடத்தில் நிற்பவர் யார்? பொருளுதவிய அன்பர் ஒருவர் இவ்வினாக்களைத் தம்முள் எழுப்பிப் பாராமல் இருக்கவியலாது. திருப்பணி முடிந்த நாளன்று தொடங்குவது மற்றொரு பணி. முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு மக்களை ஒருங்குசேர்த்து நடத்தும் ஆற்றல் வேண்டும்.

அவ்வாற்றல் எத்தன்மைத்து என்பதை ஆராயப் புகுவார்க்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலினும் சிறந்த சான்று வேறு கிடைப்பது அரிது. இராசராசன் எடுப்பித்த அத்திருக்கோயிலின் விமான உயரத்தையும் கருங்கற் பணியையும் வியந்து எழுதியோர் பலர். அவன் ஈழமும் கங்கபாடியும் வேங்கையும் வென்ற திறத்தைப் பாராட்டியோரும் பலர். அக்கோயிலை நாள்தோறும் நடத்துதற்கு அவன் நூற்றுக்கணக்கான மாந்தரை எங்ஙனம் தேர்ந்தான், எங்ஙனம் அமர்த்தினான், தான் இல்லாத காலத்தும் அப்பணி தடையின்றி நடத்தற்கு என்ன வழி செய்தான் என்பவை அத்துணை விரிவாகப் பேசப்படவில்லை. அவையனைத்தும் அக்கோயிற் சுவர்களிலேயே வெட்டப்பட்டுள்ளன.

கி.பி. 985-இல் அரியணை ஏறிய இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010-இல், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக் குடம் ஒன்று அளித்தான். அதன் நிறை 3083 பலம்; அதன்மேற் பூசிய பொன் 2926½ கழஞ்சு. அடுத்த ஆண்டின் 20-ஆம் நாளில், தஞ்சை அரண்மனையில் இருமுடிச்சோழன் என்னும் மாளிகையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்து தானம் செய்கின்றபோது, அவன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தனவும், தன் அக்கன் குந்தவையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை.

இவ்வாணையில் ‘மற்றும் கொடுத்தார்’ என்று பொதுப்பட வந்துள்ள பகுதி சிந்திக்கத்தக்கது. மும்முடி புனைந்த மன்னன் தன் கொடையையும், பெயரறியாத் தொண்டர் ஒருவரின் கொடையையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே கல்லில் வெட்டச் சொல்லுகின்றான். பொருள் கொடுத்தவர்க்கு இதனினும் பெரிய பெருமை வேறில்லை. பொருளைக் கையாள்வோர்க்கோ இதனினும் பெரிய கட்டுப்பாடு வேறில்லை. ஊரார் அனைவரும் படிக்கும் சுவரில் வெட்டப்பட்ட பொன்னின் நிறையைப் பின்னர் ஒருவர் குறைத்துக் கூறுதல் எங்ஙனம் இயலும்? அணிகலன்களை எழுதியிருக்கும் முறையைக் காண்போர் வியப்புறுவர். முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வகைப்படுத்தி, எண்ணிக்கை குறித்து, அரக்கு உட்பட நிறை இவ்வளவு என்றும் வரைந்துள்ளனர். பொன் நிறுக்க ஆடவல்லான் என்னும் நிறைகல்லும், மணியணிகள் நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் நிறைகல்லும் இருந்தன. நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்த அளவினது. அளவுகருவிக்கு இறைவன் திருப்பெயரை வைத்ததிற் பத்தியும் உண்டு, மதிநுட்பமும் உண்டு. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டிருந்த காலத்தில், கொடுப்பவனும் பெறுபவனும் எந்த மரக்கால் என்று வழக்காடுதற்கு இடமின்றிச் செய்துவிட்டான்.

இனி, பணிமக்களைப் பற்றிய செய்திக்கு வருவோம்.

திருச்சுற்றுமாளிகையின் வடபுறச் சுவரில் நீண்டதொரு கல்வெட்டு உள்ளது. அது இராசராசனது 29-ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது. அந்த ஆண்டு கி.பி. 1014 ஆகும். அதுவே அவன் வாழ்வின் இறுதி ஆண்டு என்பது வரலாற்றாசிரியர் கருத்து. தன் நாளெல்லை அணுகுவதை அவன் அறிந்திருந்தானா என்பது நமக்கு எட்டாத செய்தி. எனினும் அக்கல்வெட்டினைப் படிப்பார்க்கு, நெடும்பயணம் புறப்படும் குடும்பத் தலைவர் ஒருவர் வீட்டுப் பொறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் செல்வது போன்றதோர் உணர்ச்சி தோன்றாமற் போகாது.

அக்கல்வெட்டு முதலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை வரிசையாகக் கூறுகின்றது. அவர்கள் கோயிலில் ஆடல் பாடல்களால் இறைவனுக்குத் தொண்டு புரிய அமர்த்தப்பட்டோர். ‘நானூறு பெண்டுகள்’ என்று ஒரு சொல்லில் முடித்திருப்பின் நாம் குறைகூற மாட்டோம். அவ்வாறு முடிக்கவில்லை. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்ற தெருக்களையும், அவற்றின் தென்சிறகு, வடசிறகு என்ற வரிசைகளையும், தலைவீடு, இரண்டாம் வீடு என்ற எண்ணையும் குறித்து, அவ்வீட்டில் இருப்பவள் இன்னாள், இன்ன ஊர்க் கோயிலினின்று வந்தவள் என்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி வரைந்துள்ளனர். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை. திருவையாற்றிலுள்ள ஓலோகமாதேவி ஈச்சுரத்தினின்று வந்தவள். இங்ஙனமே திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் முதலான ஊர்க் கோயில்களினின்று வந்தோரும் தத்தம் வீட்டெண்ணோடு காணப்படுகின்றனர்.

ஓர் ஐயம் இங்கு எழுகின்றது. தம் ஊரையும் தாம் பாடிப் பழகிய சந்நிதியையும் விட்டுத் தஞ்சைக்கு வருமாறு பணிக்கப்பட்ட அம்மகளிர் மனம் என்ன எண்ணிற்று? கல் இதற்கு விடை கூறவில்லை. பேரரசன் ஆணையை மறுக்கும் உரிமை அவர்கட்கு இருந்ததாகவும் தெரியவில்லை. அவர்களை அனுப்பிய ஊர்க் கோயில்களில் அவர்தம் இடத்தை நிரப்பியவர் யார் என்பதும் புலப்படவில்லை. ஒரு பெருங்கோயிலைச் சிறப்பிக்கப் பல சிறு கோயில்கள் தம் மக்களை இழந்தன என்னும் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. இராசராசன் புகழில் ஈடுபட்ட ஆசிரியர்கள் இதனை எண்ணாது விட்டனர். ஆயினும், அழைத்து வந்தவரை எண்ணிக்கையாகக் கருதாமல் பெயராகவும் வீடாகவும் ஊராகவும் கருதியிருப்பது அவன் ஆட்சிமுறையின் தனிச்சிறப்பு என்பதை மறுக்க முடியாது.

பெண்டுகளை அடுத்து நட்டுவர், காந்தர்வர், வீணை வாசிப்போர், வங்கியம் ஊதுவோர், உடுக்கை கொட்டுவோர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர் ஆகியோர் வருகின்றனர். பின்னர்க் கணக்கர், குடை பிடிப்போர், விளக்கிடுவோர், நீர் தெளிப்போர், குயவர், ஈரங்கொல்லிகளாகிய வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று அவ்வரிசை நீளுகின்றது. ஊதியம் ‘பங்கு’ என்னும் அளவினால் விதிக்கப்பட்டது. ஒரு பங்காவது ஒரு வேலி நிலத்தின் விளைவு. அஃது ஆடவல்லான் மரக்காலால் 100 கலம் நெல் என்று திட்டமாகக் கூறப்பட்டுள்ளது. தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. நட்டுவர்க்கு இரண்டு பங்கு. ஏனையோர்க்கு அவரவர் தொழிலுக்கேற்ப ஒரு பங்கு, முக்காற் பங்கு, அரைப் பங்கு என்று வகுத்தனர். இன்ன வேலைக்கு இன்ன ஊதியம் என்பது சுவரிலே வெட்டப்பட்டிருந்தமையால், ஒருவன் தன் பங்கையும் அடுத்தவன் பங்கையும் அறிந்தே பணியாற்றினான். மறைவிற் கொடுத்து மறைவிற் பெறுவதால் வரும் மனக்கசப்புக்கு அங்கு இடமில்லை.

இத்துணையும் பேரரசன் ஒருவன் செய்யக்கூடியதே. செல்வமும் அதிகாரமும் உடையான் பலரை அமர்த்தலாம், பங்கும் வகுக்கலாம். இராசராசனுடைய ஆட்சித்திறன் முழுதும் விளங்குவது அக்கல்வெட்டில் உள்ள மற்றொரு விதியில். அவ்விதியின் பொருளை நம் காலத் தமிழிற் கூறுவோம். பங்கு பெறுவோருள் ஒருவர் இறந்துபட்டாலும், ஊரைவிட்டு அயலூர் சென்றாலும், அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கினைப் பெற்று அப்பணியைச் செய்வர். அவ்வுறவினர் அப்பணிக்குத் தாமே தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்துப் பங்கினைப் பெறுவர். நெருங்கிய உறவினர் எவரும் இல்லையாயின், அத்தொழிலில் உள்ள ஏனையோரே அதற்குத் தகுதியுடையாரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பங்கினைப் பெறுவர்.

அன்பர்கள் இதனை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். மூன்று படிகள் இதில் உள்ளன. முதற்படி உறவுக்கு மதிப்பளிக்கின்றது. குடும்பத் தலைவன் இறந்த மறுநாளே அவன் மனைவி மக்கள் பட்டினி கிடக்கும் நிலை வாராதபடி காப்பது அது. இரண்டாம் படி, உறவு என்ற ஒன்றே பணிக்குப் போதாது என்கின்றது. பங்கின் பயன் குடும்பத்தைச் சார்ந்ததாயினும் பணி தகுதியைச் சார்ந்தது என்று அது பிரித்துக் காட்டுகின்றது. தகப்பனார் நன்றாக மத்தளம் கொட்டினார் என்பதற்காக, தாளம் அறியாத மகன் இறைவன் திருமுன் மத்தளம் கொட்ட வேண்டியதில்லை. மூன்றாம் படியே நம்மைப் பெரிதும் வியக்க வைக்கின்றது. உறவினர் இல்லாதவிடத்து, அரசனுடைய அதிகாரி ஒருவன் வந்து ஆள் அமர்த்துவான் என்று அது கூறவில்லை. அத்தொழிலைச் செய்வோரே தம்முடன் நிற்றற்குரியவரைத் தேர்ந்துகொள்க என்று விட்டுவிட்டான். விளக்கிடுவோன் தகுதியை விளக்கிடுவோர் அறிவர்; தச்சன் திறத்தைத் தச்சர் அறிவர். நாடுகள் பலவற்றை ஆண்ட மன்னன், தன் அரண்மனைக்கு அணித்தான கோயிலில் இந்தச் சிறிய அதிகாரத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல் தொழிலாளர் கையிற் கொடுத்தான்.

திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர்க்கும் இதே விதி உண்டு. அவர்களைப் பற்றிய தனிக் கல்வெட்டும் அதே 29-ஆம் ஆண்டிற்கு உரியது. நாற்பத்தெண்மர் பதிகம் பாட, ஒருவர் உடுக்கை வாசிக்க, ஒருவர் கொட்டிமத்தளம் முழக்க, ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் உள்ளூர்ப் பண்டாரத்தினின்று அளக்கப்பட்டது. ஆண்டிற்கு 360 நாள் என்று கொண்டு கணக்கிட்டால் ஒருவர்க்கு 90 கலம் ஆகும். ஐம்பதின்மர்க்கும் 4500 கலம். மூவர் தமிழுக்காக மட்டும் ஒரு கோயில் ஆண்டுதோறும் இவ்வளவு நெல்லை அளந்தது. அவர்களுள் ஒருவர் இறந்தாலோ அயலூர் சென்றாலோ, பதிகம் பாடவல்ல உறவினர் அவ்விடத்தைப் பெறுவர். பாடும் தகுதி அவர்க்கு இல்லையேல், தகுதியுடையார் ஒருவரைப் பாடச் செய்வர். உறவினரே இல்லையேல், உடன் பாடுவோர் ஒருவரைத் தெரிந்துகொள்வர். நாற்பத்தெட்டுக் குரல்களுள் ஒன்று மறைந்தாலும் மறுநாள் அவ்வொலி குறையலாகாது என்பது கருத்து.

நெல்லும் பொன்னும் எங்கிருந்து வந்தன என்ற வினா இயல்பாகவே எழும். நிலங்கள் பல அளிக்கப்பட்டன. ஈழத்து ஊர்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். அவ்வளவோடு நில்லாது, கோயிற் காசு ஊர்ச் சபையாரிடத்தும் வணிகரிடத்தும் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டொன்றிற்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நம் காலத்தார் இதனைக் கூறுவர். சில ஊரார் காசுக்கு மூன்று குறுணி நெல்லாக வட்டி அளந்தனர். வேறு சிலர் வட்டிக்கு ஈடாகத் திருமஞ்சன நீரில் இடும் ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்சம் போன்றவற்றிற்குப் பொறுப்பேற்றனர். முதல் கையிலிருந்து செலவாகாது. வட்டியே பூசைக்கு வந்துகொண்டிருக்கும். கடன் பெற்ற ஊருக்கும் வேளாண்மைக்கு முதல் கிடைத்தது. பொருள் அனைத்தும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் ஒரு கள்வனோ ஒரு தீய அதிகாரியோ அதனை ஒரு நாளில் அழித்திருக்கலாம். பல ஊர்களில் அது பரவியிருந்தமையால், ஓர் ஊர் வறட்சியுற்றாலும் மற்றோர் ஊரின் நெல் வந்துகொண்டிருந்தது.

விளக்கெரிக்கும் ஏற்பாடும் இத்தகையதே. ஒரு திருநுந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. ஆடு இல்லாதவிடத்து 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நகைத்தல் வேண்டா. செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளை நிறுத்தி எண்ணிக்கையைக் குறையாமற் காப்பது இடையரின் பொறுப்பு. எஞ்சிய பெருக்கம் அவருக்கே உரியது. தளிச்சேரி மகளிர்க்கும் பதிகம் பாடுவோர்க்கும் விதித்த அதே நெறி ஆட்டு மந்தைக்கும் பொருந்திவருவதைக் காண்க. தனித்தனி உயிர் நிலையாதது; தொகுதி நிலைபெற வேண்டும். எந்த இடையரிடம் எத்தனை ஆடு என்பதும், அவருடைய உறவினர் யாவர் என்பதும் கல்லில் உள்ளன.

மெய்காவலர் தஞ்சை நகரத்தாரினின்று மட்டும் எடுக்கப்படவில்லை. சோழநாட்டின் பற்பல ஊர்கள் ஒவ்வொன்றும் ஒருவரை அனுப்ப வேண்டும். அவருக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல்லை அனுப்பிய ஊராரே கொடுக்க வேண்டும். பண்டாரத்தைக் காப்போர் நிலமும் சுற்றமும் பொருளும் உடையவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். ஒன்றுமில்லாதவன் நேர்மையற்றவன் என்பது இதன் கருத்தன்று. கணக்கிற் குறைவு நேர்ந்தால் அதனை ஈடுசெய்ய ஓர் அடிப்படை வேண்டுமன்றோ? இவ்வேற்பாட்டினால் தொலைவிலுள்ள சிற்றூர் உழவனும் ‘தஞ்சைக் கோயிலில் எங்கள் ஊரான் காவல் நிற்கின்றான்’ என்று கூறிக்கொள்ளும் நிலை வந்தது. அரசன் கோயில் நாட்டார் கோயிலாயிற்று.

ஊர்ச் சபைகளை நம்பிப் பெரும்பொருளை ஒப்படைக்கும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? அச்சபைகள் அதற்கு முன்னரே தம்மைத் தாமே ஆண்டு பழகியிருந்தன. இராசராசனின் கொள்ளுப்பாட்டனாகிய முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதற்குப் பெருஞ்சான்று. கி.பி. 919-இல் அவ்வூரார் வாரியங்கட்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தனர். இரண்டே ஆண்டில், கி.பி. 921-இல், அதனைத் திருத்தி மறுபடியும் வெட்டினர். வகுத்த விதியிற் குறை கண்டபோது அதனை ஒளிக்காமல் திருத்திக்கொண்ட அவ்வூராரின் பெருந்தன்மையை என்னென்பது!

முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை வாங்குவோர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடையில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்தல் இயலாதன்றோ? வயது 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் கால்வேலி நிலமும் வேண்டும். வேதப் பயிற்சி மிக்கார்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். சென்ற மூன்றாண்டில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். 360 நாள் முடிந்தால் ஓய்வு. இவை யாவற்றினும் கடுமையானது ஒன்றுண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் தானும் தகுதி இழந்தான். அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். அச்சபை அந்தணர் சபை என்பதும், நிலமில்லாதார்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை என்பதும் நாம் அறிந்தனவே. அந்த எல்லைக்குள்ளும், பொதுப்பொருளைத் தொட்டவன் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்ற உறுதி தளரவில்லை. இத்தகைய சபைகள் இருந்த நாட்டிலேதான் இராசராசன் தன் காசைப் பகிர்ந்து வைத்தான்.

அவனோடு உழைத்தவர்களை அவன் போற்றிய முறை குறித்தும் சில கூறுதல் வேண்டும். திருச்சுற்றுமாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருட்டிணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன். மன்னன் பணித்தபடி அவன் எடுப்பித்தான் என்று அவன் பெயரிலேயே அங்குக் கல்வெட்டுளது. கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவன் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் ஆகியோர் செப்புத் திருமேனிகளையும், தன் மன்னனும் அவன் தேவி ஓலோகமாதேவியும் ஆகிய இருவர் திருமேனிகளையும் எழுந்தருளுவித்தவன் அவனே. நிர்வாகம் பார்த்தவன் நிர்வாகத்தோடு நில்லாமல் தானும் கொடையாளி ஆனான். தச்சர் தலைவனாகிய வீரசோழன் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்றும், நாவிதன் ஒருவனுக்கு இராசராசப் பெருநாவிசன் என்றும் பட்டங்கள் இருந்தன. உளி பிடித்தவனும் கத்தி பிடித்தவனும் அரசன் பெயரைத் தம் பெயராகப் பூண்டு நடமாடிய காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! இன்று நாம் எழுப்பும் கல்வெட்டுக்களில் அடிக்கல் நாட்டியவர் பெயர் காணப்படும்; தச்சர் பெயர் காணப்படுவது அரிது.

இத்துணை நுட்பமாக வகுத்த ஏற்பாடு என்றும் நிலைத்ததா? சந்திராதித்தர் உள்ளவரை என்று எழுதினர்; உலகியல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இராசராசன் மைந்தன் இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றிக்கொண்டான். அரசன் கண்பார்வை தஞ்சையை விட்டு அகன்றது. கி.பி. 1279-ஐ ஒட்டிச் சோழர் ஆட்சியே முடிவெய்தியது. பங்கு நிலங்கள் கைமாறின; காசு வாங்கிய சபைகள் மறைந்தன; தளிச்சேரித் தெருக்கள் உருத்தெரியாமற் போயின. பாண்டியரும் நாயக்கரும் மராட்டியரும் தத்தம் காலத்தில் திருப்பணிகள் செய்து வழிபாட்டைக் காத்தனர். ஆனால் கோயிலை எடுப்பித்தவன் யார் என்பதையே மக்கள் மறந்தனர். தலபுராணம் கரிகாலனைக் கூறிற்று. சுவர்முழுதும் பெயர் எழுதியிருந்தும் படிப்பார் இல்லை.

கி.பி. 1886-இல் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த செர்மானிய அறிஞர் ஹுல்ச் என்பவர் அவ்வெழுத்துக்களைப் படித்து வெளிப்படுத்தினார். 1891 முதற் பகுதி பகுதியாக வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியில் தஞ்சைக் கல்வெட்டுக்கள் இடம்பெற்றன. எண்ணூற்றெழுபது ஆண்டுகள் சென்ற பின்னும் கோயிலின் கணக்கு, நேற்று எழுதிய பேரேடு போல நமக்குக் கிடைத்தது. ஓலையில் எழுதி அரண்மனையில் வைத்திருந்தால், அரண்மனையோடு ஓலையும் மண்ணாகியிருக்கும். அவ்வரண்மனை இருந்த இடத்தையே இன்று திட்டமாகச் சுட்டுவார் இல்லை.

23 ஆண்டுகளுக்குப் பின்னர் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் பெருவுடையார்க்குத் திருக்குடமுழுக்கு நடைபெற்றபோது, தஞ்சைக்குச் சென்று தரிசித்த அன்பர் பலர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருத்தல் கூடும். மீண்டும் செல்லும்போது, விமானத்தை அண்ணாந்து நோக்கி வணங்கிய பின்னர், வலம் வருகையில் வடபுறத் திருச்சுற்றின் பக்கம் சற்றே நில்லுங்கள். எழுத்துக்கள் பல இடங்களில் தேய்ந்துள்ளன. பழகாத கண்ணுக்கு எளிதிற் புலப்படா. கல்வெட்டுப் பயின்றார் ஒருவர் உடன் இருப்பின் தெற்குத் தளிச்சேரித் தலைவீட்டுச் சேரமங்கையின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னே முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது மகளிரும், விளக்கிட்டவரும், குடை பிடித்தவரும், வெளுத்துக் கொடுத்தவரும் தத்தம் பங்கோடு அவ்வரிசையிலே நிற்கின்றனர்.